விரிசல்

கோட்டையில் ஓர் இரவு, காலைப் பசியாறல் உட்பட.
கோபுர அறை என்றால் முப்பது வெள்ளி கூடுதல்.
இருபத்தைந்தாவது கல்யாண நாளாயிற்றே என்று
நான்தான் பதிவு செய்தேன்.
ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவர்
"அங்கேயா?" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

நெடுஞ்சாலை முடிந்து செம்பனை தொடங்கி
செம்பனை முடியாமலே டவுன் வந்துவிட்டது:
ஒரு மருந்துக்கடை, மூன்று அடகுக்கடை,
மாரியம்மன் கோயில் வாசலில் பழக்குலை லாரி.
தமிழ்ப்பள்ளியின் கொடிக்கம்பத்துக்கும் மேலே
பல் முளைத்த சுவர்களோடு
ஒரு கோட்டை.

யாஷ்வினி என்று சட்டையில் எழுதியிருந்த பெண்
முழ நீளத்துக்கு இரும்புச் சாவி ஒன்று தந்தாள்.
"இது போட்டோவுக்கு ஆன்ட்டி.
கதவு திறக்க இந்தக் கார்டு."

நாலு மணிக்குச் சுற்றிக் காட்டினார்கள்.
குடையைத் தூக்கிப் பிடித்தபடி ஹஸ்வான் முன்னால் போனான்.
பின்னால் நாங்கள், ஈப்போவிலிருந்து ஒரு சீனக் குடும்பம்,
வெயிலில் சிவந்த இரண்டு டச்சுக்காரர்கள்.
ரப்பர் விலை விழுந்த ஆண்டில்
வீட்டைப் பாதியில் விட்டுக் கப்பலேறிய துரை,
மாடத்தில் இன்றும் அழும் அவன் மனைவி,
பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு,
கிழக்குச் சுவரில் ஓடும் விரிசல்.
ஜப்பான்காரன் போட்ட குண்டு.
தொடலாம். மெதுவாக.

டச்சுக்காரி கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள்.
சந்தனசாமி இருமினார்.

எனக்கு அந்த இருமல் தெரியும்.
மகளின் பள்ளி அறிக்கையில்
என் கையெழுத்தை அவர் போட்ட அன்றும்
அப்படித்தான் இருமினார்.

அறைக்கு வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னார்:
"அது நான் போட்டது."

பதின்மூன்று வருஷத்துக்கு முந்தி
யாரோ டத்தோவின் கொந்திராக்காம்.
துரை விட்டுப் போனது இடுப்பளவுச் சுவர்தான்.
மீதிக் கோட்டை முழுக்கச்
சிமிந்தி, கம்பிவலை, உள்ளே நுரைப்பலகை.
கல் நிறத்துக்குத் தேயிலைச் சாயம்.
பாசி பிடிக்கத் தயிர் தடவி மழைக்கு விட்டது.
விரிசலுக்கு மட்டும் ஒரு வாரம்.
"நம்ம சட்டிக்கரண்டிக் காம்பாலதான் கீறினேன்.
நீகூடத் தேடினியே."

தேடினேன். நாத்தனார்மேல் சந்தேகப்பட்டு
ஒரு தீபாவளி முழுக்கப் பேசாமல் இருந்தேன்.

"குண்டு விழுந்தா சுவர் எப்படிப் பிளக்கும்னு
யாருக்குத் தெரியும்?
பேரா ஆத்த நினைச்சுக்கிட்டு இழுத்தேன்."

கடைசித் தவணை எட்டாயிரம் வெள்ளி
வரவேயில்லை. டத்தோவின் எண் மாறிவிட்டது.
நான் எழுந்து செருப்பைத் தேடினேன்,
கீழே போய் நாலு வார்த்தை கேட்க.
"வேணாம்," என்றார்.
பிறகு, கொஞ்சம் கெஞ்சுவது போல,
"நம்பிட்டாங்க, பாத்தியா."

இரவு கரண்ட் போனது. கோட்டைக்கு ஏற்ற இருட்டு.
படுக்கையில் ஆளைக் காணோம்.
ஜன்னலில் எட்டிப் பார்த்தால்
கிழக்குச் சுவரடியில் கைப்பேசி வெளிச்சம்.
இறங்கிப் போனேன்.
விரிசலைப் பார்க்கவில்லை அவர். அதற்கும் கீழே,
துரை காலத்துச் செங்கல் வரிசைக்கு முன்
குந்தியிருந்தார்.
ஒரு கல்லில்
காயாத மண்ணை மிதித்துப் போன
ஏதோ நாயின் பாதம். நாலு விரலும் தெளிவாக.
"இது நிஜம். இத அவன் காட்டவே இல்ல."
கட்டைவிரலால் தூசியைத் துடைத்துவிட்டு,
மேஸ்திரி மேஸ்திரியைப் பார்க்கிற கண்ணோடு,
"நல்லா விழுந்திருக்கு," என்றார்.

காலையில் ரொட்டி சானாய் ஆறிப்போயிருந்தது.
அவர் நாலு தின்றார்.
குளியலறைச் சோப்பு ஏழும் என் பையில்.
எட்டாயிரத்தில் கழித்துக்கொள்ளலாம்.

பில்லின் கடைசி வரி:
மரபுக் காப்புக் கட்டணம், பத்து வெள்ளி.
"பழைய சுவரெல்லாம் பார்த்துக்க, அங்கிள்."
சந்தனசாமி பணப்பையைத் திறந்து
மடிப்பில்லாத நோட்டாகத் தேடி எடுத்தார்.
"சுண்ணாம்பு அடிக்கிறப்ப," என்றார் யாஷ்வினியிடம்,
"அந்த விரிசல மட்டும் பூசிடாதீங்கம்மா."