தனிவட்டி

ராஜினாமாக் கடிதத்தில்
மேலாளர் நல்லசிவன் முதலில் தேதியைத் திருத்தினார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"உடம்புக்கு ஏதும் முடியலையாம்மா?"
பி.எட். சேர்ந்திருக்கிறேன் என்றேன்.
ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தார்.

பதினான்கு வருஷம்
தெற்குமாசி வீதிக் கிளையில் நகைக்கடன் மேசை.
கல் கழித்து எடை போட்ட தோடுகள்,
பிள்ளை விரலுக்கும் சிறிசான மோதிரம்.
ஓர் ஆரத்தை எனக்கு முகம்போலத் தெரியும்:
ஜூனில் பள்ளிக்கூடம் திறக்க உள்ளே வரும்,
தையில் வெளியே போகும்.
சில வருஷம் தையிலும் போகாது.

காரணம் கேட்டவர்களுக்கு ஆளுக்கொன்று சொன்னேன்.
அம்மாவிடம், மே மாதம் லீவு என்று.
அண்ணனிடம், டார்கெட் தொல்லை என்று.
கனகவேல் எதுவும் கேட்கவில்லை.
கால்குலேட்டரோடு உட்கார்ந்து
இரவெல்லாம் எதையோ கழித்துக்கொண்டிருந்தான்.
வீட்டுக்கடன் ஊழியர் வட்டியிலிருந்து
ஊரார் வட்டிக்கு மாறிய மாதம்
அடுப்படியில் கடலெண்ணெய் நின்று பாமாயில் வந்தது.
அப்போதும் கேட்கவில்லை.

நிஜக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள்.
அம்மாவோடு வந்த பையன் ஒருவன்
கவுண்டருக்குள் தலையை நுழைத்து
"இவ்வளவு எப்படி வந்துச்சு?" என்றான்.
செலானின் பின்பக்கம் போட்டுக் காட்டினேன், பத்து நிமிஷம்.
வரிசை வாசலைத் தாண்டியது, யாரோ வைதார்கள்.
அவன் "ஓ" என்றான்.
அந்த "ஓ"வை அடகு வைத்து
எந்த வங்கியிலும் பணம் வாங்க முடியாது.

இப்போது காலையில் பெரியார் நிலையம்,
செக்கானூரணி போகும் டவுன் பஸ்.
கண்டக்டர் தரும் மகளிர் டிக்கெட்டில்
ரூபாய் இருக்கவேண்டிய இடத்தில் சைபர்.
மடியில் சார்ட் சுருள்.
நாகமலை கொஞ்ச தூரம் கூட வரும்.

வழிகாட்டி ஆசிரியை ரிஸ்வானாவுக்கு இருபத்தாறு வயது.
என் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதுகிறார்:
பிள்ளைகளைப் பார்த்துப் பேசவும், பலகையை அல்ல.
"சரிங்க மேடம்" என்கிறேன்.
முதல் வாரம் பின்பெஞ்சுக்கு என் சத்தமே எட்டவில்லை,
கண்ணாடி ஓட்டைக்குப் பேசிப் பழகிய தொண்டை.

எட்டாம் வகுப்பு பி.
கூட்டுவட்டிக்கு முன்னால் தனிவட்டியை ஞாபகப்படுத்தும் நாள்.
தூக்கத்திலும் சொல்வேன்:
அசல், காலம், வட்டி வீதம்.
எழுதிவிட்டுத் திரும்புவதற்குள்
நாகஜோதி, கை தூக்காமல்,
"வருஷத்துக்கா டீச்சர்? எங்க தெருவுல வாரத்துக்குல்ல?"
ஜன்னலோரத்திலிருந்து சின்னக்கருப்பு,
"எங்கப்பா தள்ளுவண்டிக்கு நாள் வட்டி.
காலைல தொள்ளாயிரம் குடுத்து
சாயங்காலம் ஆயிரமா வாங்கிக்குவாக."

பதினான்கு வருஷம் வட்டி போட்டவள்.
இந்த வீதத்துக்கு என் கணினியில்
கட்டமே இருந்ததில்லை.

பாதிப் பலகையை அழித்தேன்.
தொள்ளாயிரத்துக்கு நூறு, ஒரு நாளைக்கு.
வருஷத்துக்கு?
சாக்பீஸ் ஒடிந்தது.
வாய்விட்டுப் பெருக்கினார்கள், தப்பாக,
அழித்து, மறுபடி தப்பாக.
கடைசியில் நின்றது
நாலாயிரத்து ஐம்பத்தைந்து சதவீதம்.
நிற்கவும் இல்லை,
புள்ளிக்குப் பின்னால் ஐந்து ஐந்தாகப் போய்க்கொண்டிருந்தது,
பலகைச் சட்டம் வரை எழுதினேன்.

யாரும் "ஓ" என்று சொல்லவில்லை.

மணி அடித்தது.
ரிஸ்வானா சிவப்பு மையில் எழுதினார்:
கூட்டுவட்டி தொடங்கப்படவில்லை.

சத்துணவு வரிசையில் தட்டோடு நின்றவன்
என்னைப் பார்த்ததும் விலகி வந்தான்.
"இதை எங்கப்பாகிட்டச் சொல்லவா வேணாமா டீச்சர்?"

வங்கியில் இதற்கு ஒரு பதில் உண்டு:
மேலாளரைப் பாருங்கள்.
பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.
எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.
அவன் தட்டில் இன்னும்
சோறு விழவில்லை.