மேலெழுதவா?

ஓம்கார் 'ஆம்' என்று தட்டியபோது மணி ஏழே கால்.
அவன்மேல் தப்பில்லை.
'இங்கே ஏற்கெனவே ஒரு நிறுவனம் இருக்கிறது,
மேலெழுதவா?' என்று கேட்டால்
இருபது வயதில் யாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள்.

ஆகஸ்ட் பதினாலின் காப்புப் பிரதி
செப்டம்பர் பத்தொன்பதின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.
பச்சைக் கோடு நூறைத் தொட்டது.
வெற்றி, என்றது திரை.

வெல்ஜி பிரதர்ஸ், தார்ப்பாய் மொத்த வியாபாரம்,
மஸ்ஜித் பந்தர்.
நாளை ஜிஎஸ்டி கடைசி நாள்.
முப்பத்தாறு நாட்களைக் காணோம்.

'ஜெபக்கனி மேடம்' என்பதற்கு மேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை.
எட்டு ஐம்பது வண்டிக்கு அனுப்பிவிட்டேன்.
அழுகிறவனை வைத்துக்கொண்டு பில் சரிபார்க்க முடியாது.

கிரித் பாய் போனில் கேட்டார், எவ்வளவு திரும்பி வந்தது?
ஆகஸ்ட் பதினாலு வரை எல்லாம் வந்துவிட்டது சேட், என்றேன்.
பொய்யில்லை.

கம்பியில் குத்திய பில்களை உருவினேன்.
வாட்ஸப்பில் வந்த சலான் படங்கள்,
ஒன்றில் தொகையை மறைத்தபடி யாருடைய கட்டைவிரலோ.
கொள்முதல், விற்பனை, வங்கி,
விரலுக்கு மனப்பாடம்.
பதினாறு, பதினெட்டு, இருபத்தொன்று.
இருபத்திரண்டில் கை நின்றது.

அன்றுதான் அவர்கள் பிரிந்தார்கள்,
தன்சுக் பாயும் பிபின் பாயும்.
பிரதிக்கு அது இன்னும் தெரியாது.
அதில் ஒரே கல்லாவிலிருந்து
இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஸ்கூல் ஃபீஸ் போகிறது.
ஒரே வேனுக்கு டீசல்.
செவ்வாயும் வெள்ளியும் அம்மாவின் டயாலிசிஸ்,
'வீட்டுச் செலவு, பொது.'

போன மாதம் பதினைந்து நிமிடத்தில் முடித்த வேலை.
பற்று, வரவு, விவரம்: ஒப்பந்தப்படி.
டீ கூட ஆறவில்லை.
இன்றைக்குக் கத்தல் இல்லை, வக்கீல் இல்லை,
ஏசி சத்தத்தில் நான் ஒருத்தியே
அவர்களை மறுபடியும் பிரிக்க வேண்டும்.

இப்படியே விட்டுவிட்டால் என்ன
என்றும் ஒரு நிமிடம் தோன்றியது.
விட்டால் வட்டி, அபராதம்.
யோசனை அவ்வளவுதான்.

குடோன் தன்சுக்குக்கு.
காந்திவிலி கடை பிபினுக்கு.
நீலத் தார்ப்பாய் நானூற்றுப் பத்து, ஆளுக்குப் பாதி.
வராத கடன்களில் நல்லவை மூத்தவருக்கு
(அது ஒப்பந்தத்தில் இல்லை,
ஆனால் பட்டியல் அப்படித்தான் இருந்தது).
அம்மாவுக்குத் தனி லெட்ஜர் கிடையாது.
செவ்வாய் இவர் பெயரில், வெள்ளி அவர் பெயரில்.

இரண்டு நாற்பதுக்கு ரொக்கக் கையிருப்பைப் பார்த்தேன்.
முந்நூற்று நாற்பது ரூபாய் உதைத்தது.
தேடித் தேடி அகப்பட்டது ஒரு துண்டுச் சீட்டு:
இருபத்திரண்டாம் தேதி, டீ, வடாபாவ், ஏழு பேருக்கு.
யார் கொடுத்தார்கள் என்று அதில் இல்லை.
கையெழுத்துப் போடும் முன்பா, போட்ட பிறகா,
அதுவும் இல்லை.
போன தடவை இதை எங்கே போட்டேன்?
நானும் அங்கே ஒரு வடாபாவ் சாப்பிட்டவள்தான்.
ஞாபகம் வரவில்லை.

சஸ்பென்ஸ் கணக்கில் வைத்தேன்.

முதல் லோக்கலுக்கு இன்னும் நேரம் இருந்தது.
புதிய பிரதி இரண்டு எடுத்தேன்,
ஒன்று லாக்கரில், ஒன்று என் டிபன் பையில்.
பழைய ஆகஸ்டை அழிக்கவில்லை.
பெயரை மட்டும் மாற்றினேன்,
'ஓம்கார் தொடாதே' என்று.