மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு நாற்காலி

அணைப்பட்டியில் இறங்கும்போது மணி ஐந்தேகால்.
டீக்கடை பாய்லர் இன்னும் சூடேறவில்லை.
தாஹிராவின் பையில் இரண்டு முறுக்குப் பொட்டலம்,
சீவிய பென்சில் மூன்று.
பேனா வேண்டாம், பனியில் மை ஊறும் என்று
கணக்கெடுப்புப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

காக்கிக்கு மேல் மஃப்ளர் சுற்றிக்கொண்டு
ஒச்சப்பன் முன்னால் போனார்.
"பேசாம வாங்க" என்று சொல்லிவிட்டு
வழியெல்லாம் அவரே பேசினார்,
மகளின் பள்ளிக்கூட வேனுக்குக் கட்டாத பணம்,
போன மாதம் வராத சம்பளம்,
பாதிப் பேச்சில் நின்று
டார்ச்சை ஓர் உடைமரத்தில் சாய்த்தார்.

இரண்டு செப்புக் காசு.
இமைக்கவில்லை.
தேவாங்கு.
ஒரு கையை எடுத்து
அடுத்த கொப்பில் வைக்க
அது எடுத்துக்கொண்ட நேரத்தில்
பெரியார் நிலையத்தில்
இரண்டு பஸ்ஸை விட்டிருப்பேன்.

விடிந்தபோது மருதங்களுக்குள் இருந்தோம்.
ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி
நிமிர்த்திய மரங்கள்.
மூவரும் கைகோத்துச் சுற்றியும்
நான்காவது ஆளுக்கு இடம் மிச்சம்.
வேர்களுக்கு நடுவே வெள்ளம் விட்டுப்போன வண்டல்
புட்டுமாவாய்ப் பொலபொலத்தது.
அதில் முள்ளம்பன்றி இரவில் எழுதிய நீண்ட வரி,
குறுக்கே கீரி போட்ட திருத்தம்.
மடுவின் கரைப் பாறையில் நீர்நாய் எச்சம்;
மீன் செதில்கள் மினுங்கின.
ஒச்சப்பன் குச்சியால் கிளறி, முகர்ந்து,
"நேத்து ராத்திரி" என்றார்.

ஆள்காட்டி கத்தியது.
என் படிவத்தில்,
ஆள்காட்டி: ஒன்று.
அதன் கணக்கில்,
ஆள்: மூன்று.

பிறகுதான் அதைப் பார்த்தோம்.
தலைக்கு மேல், மருதத்தின் கவட்டையில்,
நான்கு காலும் நேராக,
விருந்தாளிக்கு எடுத்துப் போட்டதைப் போல
ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி.
முதுகில் வெள்ளைப் பெயின்ட்டில் மண்டபத்தின் பெயர்.
"வத்தலக்" வரை படிக்க முடிந்தது.
எந்தப் பந்தியிலிருந்து எழுந்ததோ,
மஞ்சளாற்றில் இறங்கி
வைகைக்கு வந்து
இங்கே உட்கார்ந்துவிட்டது.

"ஐப்பசியில தண்ணி இங்கன நின்னுச்சு."
ஒச்சப்பன் கையை உயர்த்தினார்.
எட்டவில்லை.
மீதியைக் கண்ணால் காட்டினார்.

அப்படியென்றால் நாங்கள் நிற்பது
ஆற்றின் அடியில்.
அண்ணாந்தேன்.
மீன்கள் போன வழியில்
ஒரு மாங்குயில் போனது.

வேரில் கால் வைத்து, என் தோளில் ஏறி
எட்டிப் பார்த்தாள் தாஹிரா.
குழிந்த இருக்கை நிறைய வண்டலாம்.
அதன்மேல் மரநாயின் எச்சமாம்.
அதற்குள்ளிருந்து ஓர் அத்திக் கன்றாம்.
"எத்தனை இலை?"
தோள் வலியோடு கேட்டேன்.
"நாலு. அஞ்சாவது சுருண்டுருக்கு."

இறங்கியவள் மண்ணைத் தட்டிக்கொண்டே
"பிளாஸ்டிக்ல, எடுத்துறலாமா?" என்றாள்.
ஒச்சப்பன் மஃப்ளரை அவிழ்த்து
மறுபடி கட்டினார்.
"உக்காந்த ஆளு எந்திரிக்கட்டும்மா."

பாலூட்டி, பறவை, ஊர்வன, தடயம்.
நாற்காலிக்குக் கட்டம் இல்லை.
தடயத்தில் எழுதினேன்:
மரநாய். தரையிலிருந்து பத்தடி. வெள்ளமும்.
அலுவலகத்தில் கடைசிச் சொல்லை அழிப்பார்கள்,
பென்சில்தானே.

முறுக்கு நமுத்திருந்தது. தின்றோம்.

பழங்காநத்தத்தில் வீடு திரும்பி
ஷூவை உதறியதும்
வாசல் எங்கும் ஆறு.
பெருக்கிவிட்டுக் கட்டிலில் படுத்தேன்.
பத்தடி எங்கே வரும் என்று
சுவரோடு கண் ஏறியது:
சுவிட்சு, காலண்டர், பரண்,
மின்விசிறி தொங்கும் கொக்கி.