அரைப்புள்ளி

கிடினியா துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம்
பெட்டிகளின் எடைக்கு நிரல் எழுதினேன்,
டெல்ஃபியில்.
எது அடியில், எது மேலே,
எதை முதலில் இறக்கினால் கப்பல் சாயாது:
அவ்வளவுதான் என் காவியம்.
வரிக்கு வரி அரைப்புள்ளி.
ஆகக் கடைசியில் மட்டும் ஒரு முற்றுப்புள்ளி.

போன செப்டம்பரில் ரதோஸ்வாவ் கூப்பிட்டார்.
"பொகுமிவா, குழுத் தலைவி ஆகிவிடுங்கள். எட்டுப் பேர்.
இல்லையென்றால் இப்படியே இருங்கள்,
அந்த நிரல் இருக்கும்வரை."
'இருக்கும்வரை'யைச் சொல்லும்போது
கோப்பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

எட்டுப் பேருக்குத் தலைவனான லெஷெக்கை எனக்குத் தெரியும்.
கடைசியாக எப்போது நிரல் எழுதினாய் என்று
ஒருமுறை கேட்டேன்.
பிள்ளை கடைசியாகத் தோளில் ஏறியது எந்த நாள் என்று
கேட்டதுபோல் விழித்தான்.

மூன்றாவதாக ஒன்றை நானே சேர்த்துக்கொண்டேன்.
நாற்பத்தொன்பது வயதில், ரஸ்ட்.

"துருவா?" என்றான் செவெரின்.
கப்பல் பட்டறையில் பற்றவைப்பவன் என் கணவன்.
"முப்பது வருடமாக நான் சுரண்டி எறிவதை
நீ காசு கட்டிப் படிக்கிறாயா?"
சிரித்துவிட்டு, சூப்பைச் சூடாக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போனான்.

முதல் இரவில் அறுபத்தேழு பிழைகள்.
இந்த மொழியின் கம்பைலர்
கறாரான கணக்குப்பிள்ளை.
மூன்றாம் வரியிலேயே கொடுத்துவிட்டாயே,
ஏழாம் வரியில் அது எப்படி உன்னுடையதாகும்?
வேண்டுமானால் இரவல் வாங்கிக்கொள்.
ஆனால் ஒருவர் திருத்துவதற்கு வாங்கியிருக்கையில்
இன்னொருவர் எட்டிப் பார்க்கவும் கூடாது.
பழைய மொழியில் எடுத்ததும் நான், விட்டதும் நான்.
விட மறந்தால் நினைவகம் ஒழுகும்,
இரவு இரண்டு மணிக்கு யாராவது அழைப்பார்கள்.
இங்கே ஒழுகும் முன்பே திட்டு.

எல்லாவற்றையும்விட அந்த அரைப்புள்ளி.
கடைசி வரியில் வைக்காமல் விட்டால்தான்
விடை திரும்பி வரும்.
வைத்தால் வெறுங்கை.
என் சுண்டுவிரல் என்னைக் கேட்காமலே
வைத்தது, வைத்தது, வைத்துக்கொண்டே இருந்தது.

கிதான்ஸ்கில் ஒரு நேர்காணல்.
கயெதானுக்கு இருபத்தாறு இருக்கும்.
"ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?"
"ஐம்பத்துநான்கில்."
அவன் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டான்.
சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று.
அட்டையில் என் பெயருக்குக் கீழே 'இளநிலை'.
அதை செவெரினிடம் ஒரு வாரம் காட்டவில்லை.

ஜனவரி. பனிக்காற்று. டிராலிபஸ் நிறுத்தம்.
பழைய அலுவலகத்திலிருந்து அழைப்பு:
ஒரு பெட்டியின் எடை கழித்தல் நான்கு டன்,
கிரேன்கள் நிற்கின்றன, யாருக்கும் புரியவில்லை.
"மூவாயிரத்து இருநூறாவது வரிப்பக்கம் ஒரு குறிப்பு இருக்கும்.
வாசியுங்கள்."
ஒரு இளங்குரல் வாசித்தது:
"இதைத் தொடாதே. பொ."
ஏன் என்று அந்த பொ. எழுதியிருக்கவில்லை.
நானும் மறந்துவிட்டேன்.
"தொடுங்கள்" என்றேன்.
பதினோரு நிமிடம் வரி வரியாகச் சொன்னேன்.
கிரேன்கள் அசைந்தன.

அப்புறம் ரதோஸ்வாவ் வாங்கிப் பேசினார்.
திரும்பி வாருங்கள், இரண்டு மடங்கு.
அப்போது வந்த வண்டியின் கம்பம்
மேலே கம்பியை விட்டு நழுவி
ஒரு பொறி தெறித்து, விளக்குகள் அணைந்தன.
ஓட்டுநர் இறங்கினாள். ஆரஞ்சுக் கையுறை.
கம்பத்தைப் பிடித்து, அண்ணாந்து,
இரண்டு முறை தவறவிட்டு மூன்றாவதில் மாட்டினாள்.
வண்டிக்குள் யாரும் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை.
"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்,
யோசிக்காமல் ஏறிக்கொண்டேன்.

அன்றிரவு இரண்டு பத்துக்கு
என் நிரல் பிழையில்லாமல் தேறியது.
இரண்டு பெட்டிகளின் எடையைக் கூட்டும், வேறொன்றும் செய்யாது.
ஒரே ஓர் எச்சரிக்கை:
'பழைய எடை' என்றொரு மாறி,
அறிவித்திருக்கிறாய், எங்குமே பயன்படுத்தவில்லை.
வேண்டுமென்றே வைத்திருந்தால்
முன்னால் ஓர் அடிக்கோடு இடு.

இட்டேன்.
அழிக்கவில்லை.
சூப் ஆறியிருந்தது