பொத்தோனின் முதுகு

'இனம்' என்ற கட்டத்துக்கு வந்ததும்
டாக்டர் ஒந்தினாவின் பேனா நின்றுவிட்டது.
நீண்ட முதுகு டாக்ஸ்ஹண்ட் தந்தது.
காதுகள் ஏதோ ஒரு ஸ்பானியலிடம் வாங்கித்
திருப்பித் தராத கடன்.
வாயை மூடினாலும் வெளியே நிற்கும்
அந்த ஒற்றைக் கீழ்ப்பல்லுக்கு
யாரும் உரிமை கோரவில்லை.
'கலப்பு' என்று எழுதிவிட்டு
என் பெயரைக் கேட்டாள்.
மிர்னா ராதோவிச் பார்ரியா, என்றேன்.
ஒரு பாதி ஏட்ரியாட்டிக் தீவு,
மறு பாதி சிலோயேயின் உருளைக்கிழங்கு வயல்.
சிரித்தாள். எனக்கு அப்படியொரு கட்டம் இல்லை.

சட்டைப் பொத்தான் அளவே இருந்தான் வந்த அன்று.
அதனால் பொத்தோன்.
ஐந்து கிலோ தாண்டக் கூடாது என்றார்கள்.
நண்டு டப்பா ஆலையிலிருந்து
நான் திரும்பும் ஆறு மணிக்கு
என் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிச் சுத்தம் செய்வான்,
உப்புக்காக. அன்புக்காகவும் இருக்கலாம்,
கேட்டதில்லை.

குணம் என்று சொன்னால்:
தபால்காரரைப் பொறுப்பான்,
அவருடைய சைக்கிளைப் பொறுக்க மாட்டான்.
தனியாக விட்டால் குரைப்பதில்லை,
ஒரு காலுறையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு வைப்பான்,
கடிதம் எழுதி வைப்பதுபோல.
காது மடலைத் தூக்கி வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும்.
நகம் வெட்டும்போது
கொலை நடப்பதாகத் தெருவுக்கே அறிவிப்பான்.
பல் துலக்க மட்டும் தானே வந்து உட்காருவான்;
பற்பசையில் கோழி வாசனை.

தெயோதுலோவுக்கு நாய் வேண்டாம்.
முதல் நாளே சொல்லிவிட்டார்.
கட்டிலில் ஏறக் கூடாது,
மேசையிலிருந்து ஒரு துண்டும் போகக் கூடாது.
நாய்க்கு எடை ஏறியது.
யார் என்று நான் விசாரிக்கவில்லை.

ஜூலை. ஐந்தரைக்கே இருட்டு.
நீரிணையிலிருந்து வந்த காற்றில்
பக்கத்து வீட்டுத் தகரக் கூரை பல்லைக் கடித்தது.
கட்டிலிலிருந்து குதித்தான் பொத்தோன்,
நூறு முறை குதித்த அதே கட்டில்.
சத்தம் ஒன்றும் இல்லை.
பின்னங்கால்கள் மட்டும்
அவனுடையவை அல்லாததுபோல
பின்னால் இழுபட்டு வந்தன.

ஆறு வாரம் கூண்டு, என்றாள் ஒந்தினா.
நடை இல்லை, படி இல்லை, குதி கிடையவே கிடையாது.
தூக்கும்போது ஒரு கை மார்புக்கு, ஒரு கை இடுப்புக்கு,
முதுகு பலகை மாதிரி நேராக.
ஒரு கிலோ குறைய வேண்டும்.
அப்போது தெயோதுலோ ஜன்னலைப் பார்த்தார்.

மனிதர்கள் கயிற்றைப் பிடித்து நடக்கும் காற்றில்
இரவு இரண்டு மணிக்கு
கோட்டுக்குள் அவனை ஏந்தி வெளியே போனேன்.
துண்டை இடுப்புக்கு அடியில் தொட்டிலாகப் பிடித்து
'போ, கண்ணு, போய்விடு' என்று கெஞ்சி
மூன்று சொட்டுக்கு நன்றி சொன்னேன்.
யாருக்கென்று தெரியவில்லை.
ஒரு நாள் வராமல் போனது.
அன்று நான் ஆலைக்கும் போகவில்லை.

இருபத்தோராம் நாள்
வால் நுனி அசைந்தது.
ஈ உட்கார்ந்து எழுந்த அளவு.
நான் பார்த்தேன். அவர் பார்த்தாரா தெரியாது;
அடுப்பில் விறகு போடத் திரும்பியிருந்தார்,
ஏற்கெனவே நிறைந்திருந்த அடுப்பில்.

சனிக்கிழமை பணி முடிந்து வந்தால்
படுக்கையறை முழுக்க மரத்தூள்.
எங்கள் கல்யாணக் கட்டிலை,
சைப்ரஸ் மரக் கட்டிலைக் குப்புறப் போட்டு
நான்கு கால்களையும் அறுத்து எடுத்திருந்தார்.
'உயரம் அதிகமாக இருந்தது' என்றார்,
'என் முட்டிக்கு.'
கால்களை விறகோடு அடுக்கியிருந்தார்.
ஒன்றை மட்டும் எரிக்கவில்லை,
அது கதவு இடுக்கில் காற்றுக்கு முட்டு.

இப்போது நாங்கள் தரையோடு தூங்குகிறோம்.
காலையில் எழுவதற்கு
இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.
பொத்தோன் நடக்கிறான், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து,
குடித்துவிட்டுக் கரையிறங்கிய மாலுமி நடை.
நாலு கிலோ எண்ணூறு.
படுக்கையில் ஏற
ஒரு காலடி போதும் அவனுக்கு.

ஏறுவதில்லை.
தெயோதுலோவின் வலது பூட்ஸின் மேல்
அந்த ஒற்றைப் பல்லை வைத்துத்
தூங்குகிறான்.