பெருவிரல்

கோலகெட்டில் கடைவீதி வங்கியில்
என் எண் ஐம்பத்தெட்டு.
கண்ணாடிக்கு வெளியே மில் லாரிகள்
செம்பனைக் குலைகளைச் சிந்திக்கொண்டு போகின்றன.

'தர்மசீலன் த/பெ குப்பன்?'
கேட்ட பெண்ணுக்கு
நான் கடைசியாகக் கையுறை கழற்றிய வருடம்
இரண்டு வயது இருந்திருக்கும்.
'பெருவிரலை வைங்க, அங்கிள்.'

வைத்தேன். சிவப்பு விளக்கு.
துடைத்து வைத்தேன். சிவப்பு.
கால்சட்டையில் தேய்த்து,
பழைய பழக்கத்தில் எச்சில் தொட்டு வைத்தேன்.
அவள் முகம் சுளித்தாள்.
அதுவும் சிவப்பு.

பதினான்கு வருடம்
பந்து இந்த ரேகையைப் படித்துப் படித்தே
அழித்துவிட்டது.
எலும்பு மூன்று தடவை முறிந்தது:
பினாங்கில், பயிற்சியில்,
பிறகு, யாருமே உதைக்காமல்,
கோல் கம்பத்தில் நானே மோதி.
கட்டுப் பிரித்த அன்று புஷ்பலீலா
'சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி இருக்கு' என்றாள்,
இட்லி ஊட்டிக்கொண்டே.

நூற்றுப் பதினோரு ஆட்டம்.
ஊர் ஞாபகம் வைத்திருப்பது ஒன்று.
மழை. எண்பத்தெட்டாவது நிமிடம்.
இடது மூலைக்கு உருண்டு வந்த பந்து
அந்தியில் கூண்டு தேடும் கோழிபோல
அவசரமே இல்லாமல்
உள்ளே போனது.

மறுநாள் மாசிலன் கடையில்
தொகை பேசினார்கள்.
முப்பதாயிரம் வெள்ளி.
விவரம் தெரிந்தவர்கள் நாற்பது என்றார்கள்.
இன்றைக்கும் நான் நுழைந்தால்
தேநீர் கலக்கும் கரண்டி ஒரு சுற்று நிற்கும்.
'இனிமே என்ன பிரதர், சும்மா சொல்லுங்க,
வாங்குனீங்களா?'

வாங்கியிருந்தால்
மில் வாசலில் லாரி எடை எழுதிக்கொண்டு
பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருப்பேனா
என்று கேட்கலாம்தான்.
கேட்டதில்லை.

பந்து சேற்றில் நின்றுவிடும் என்று நினைத்தேன்.
அவ்வளவுதான்.
நிற்கவில்லை.

இதை எந்தக் கடையில் போய்ச் சொல்வது?
விலை போனவனுக்காவது
ஊரில் ஒரு மிடுக்கு இருக்கிறது,
பேசும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள்.
கணக்குத் தப்பியவனுக்குச்
சிரிப்புதான் மிஞ்சும்.
நான் தேநீரைக் குடித்துவிட்டுச்
சில்லறையை எண்ணி வைப்பேன்.
அவர்கள் அதையும் ஒரு பதிலாக
எடுத்துக்கொள்வார்கள்.

'இடது கைய வைச்சுப் பாருங்க, அங்கிள்.'
இடது கை.
அன்று நான் நீட்டாத கை.
முறியாத, வளையாத பெருவிரல்,
சுழி கலையாமல்
பள்ளிக்கூடத்துப் பையனுடையது போல.
வைத்தேன்.

பச்சை.

இயந்திரம் படபடவென்று எண்ணியது.
இரண்டாயிரத்து நானூறு.
கையெழுத்துக்கு அவள் வைத்த பேனா
சாய்வான மேசையில்
என் பக்கமாக உருள ஆரம்பித்தது.
இரண்டு கையும் சும்மாதான் இருந்தன.
நின்றுவிடும் என்று நினைத்தேன்.

விளிம்பில் வந்து நின்றது.