மிஸ் மல்கோவா

முதல் ரவிக்கை என்னுடையதல்ல.
மஞ்சள்காமாலையில் படுத்துவிட்ட மாதையனுடையது.
பதினாறு வயது, பொன்னுருவி வேஷம்.
கர்ணனைப் பார்த்துக் கைநீட்டி ஏசும்போது
அக்குளில் டர்ரென்றது.
மத்தளக்காரர் அதையும் ஒரு தட்டாக வாங்கிக்கொண்டார்.
சனம் சிரித்தது. கையை இறக்காமலே
மிச்ச வசனம் முழுவதும் சொன்னேன்.
விடிந்ததும் போய் ஊசி வாங்கினேன்.

காவேரிப்பட்டணத்தில் இப்போது என் கடை.
'சென்றாயன் லேடீஸ் டெய்லர்',
அதற்குக் கீழே, பொடி எழுத்தில்,
'வேஷ உடுப்பும் தைக்கப்படும்.'
கல்யாணப் பெண்கள் வருவார்கள்.
கூட வந்தவர்கள் ஜரிகையைப் பற்றிப் பேசுகையில்
என் பக்கம் குனிந்து சொல்வார்கள்:
"மூச்சு விடற மாதிரி தைங்கண்ணா."
எனக்குத் தெரியும்.
அதே கொக்கிகளுக்குள் ராத்திரி முழுக்க
அழுது பாடியிருக்கிறேன்.

துகில் உரியும் இரவுக்காக
ஒன்பது சேலைகளை ஒன்றாக்கினேன்.
முடிச்சுப் போட்டால் புடைக்கும். ஊக்கு குத்தும்.
அரை அங்குலத்துக்கு ஒன்றாகப் பிரஸ் பட்டன் வைத்தேன்.
இழுக்க இழுக்க
அரக்கு போய் மாந்தளிர், மாந்தளிர் போய் மயில்கழுத்து.
பாலக்கோட்டில் ஒருத்தி
பாஞ்சாலி கதறிக்கொண்டிருக்கும்போதே
மேடையோரம் வந்து கேட்டாள்,
அந்த நாலாவது எந்தக் கடையில் எடுத்தது என்று.

இழுக்கிறவன் திம்மராயன்.
பகலில் கிரானைட் லாரி ஓட்டுகிறான்.
சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றிக்
கன்னத்தில் போட்டுக்கொள்வான்.
ஒன்பதும் முடிந்தால் மயங்கி விழுவான்.
விழுந்த துச்சாதனனுக்குச் சோடா உடைத்துக் கொடுப்பது
பாஞ்சாலியின் வேலை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை
அவன் லாரியில்தான் என் டிரங்குப் பெட்டி
பெங்களூர் போகிறது.
அத்திப்பள்ளி டோலில் வண்டி நிற்கும் நேரம்
ஒரு கண்ணுக்கு இமை ஒட்டப் போதும்.
மறு கண்ணுக்கு அடுத்த சிக்னல்.
பத்தாம் நம்பர் ஹீல்ஸ் மடியில்.

நாலாவது மாடி. நீல வெளிச்சம்.
"கிருஷ்ணகிரி மிஸ் மல்கோவா!"
என் மார்பைச் சொல்கிறார்கள் என்று சிரிக்கிறார்கள்.
குஷன் கடை ஸ்பாஞ்ச், கிலோ கணக்கில் வாங்கியது.
நானும் மறுப்பதில்லை.

அங்கே துச்சாதனன் கிடையாது.
நானே உருவுகிறேன்.
கண்ணனைக் கூப்பிடுவதில்லை, யாரும் வருவதில்லை.
ஒன்பதாவதும் விழுந்தால்
கோடு போட்ட லுங்கி, கை வைத்த பனியன்,
கழுத்தில் இஞ்சு டேப்.
கட்டடமே அதிர்கிறது.

அதை எவனோ செல்போனில் பிடித்து
ஊர்க் கமிட்டிக்கு அனுப்பிவிட்டான்.
திரௌபதி கட்டுகிறவனுக்கு இது அடுக்குமா என்றார்கள்.
சம்பளத்தில் ஐந்நூறு குறைத்தார்கள்.
அடுத்த ஆடிக்கும் கூப்பிட்டார்கள்.
ஐந்நூறு குறைந்தது குறைந்ததுதான்.

திம்மராயன் எப்போதும் கீழேயே
லாரியில் படுத்துக்கொள்வான்.
போன மாதம் மேலே வந்துவிட்டான்.
கடைசி வரிசை, கையில் தண்ணீர் பாட்டில்.
திரும்பும் வழியில் சூளகிரி வரை பேச்சில்லை.
பிறகு, ரோட்டைப் பார்த்தபடி,
"நான் இழுக்காமயே வந்துடுச்சே" என்றான்.
என்ன சொல்ல? பட்டன் என்றேன்.

இன்றைக்குக் கடை சாத்தும் நேரத்துக்கு வந்தான்.
பாதி ஷட்டரைத் தானே இறக்கினான்.
சட்டைப் பையிலிருந்து சீட்டை, சாவியை, பீடிக்கட்டை
மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.
"எனக்கொண்ணு தையி.
மயில்கழுத்து இருந்தா நல்லது."

டேப்பை முதுகைச் சுற்றி முன்னால் கொண்டுவந்தேன்.
நாற்பத்து நாலு.
கல் ஏற்றிய வண்டி மாதிரி
அடக்கிக்கொண்டு நிற்கிறான்.

மூச்சை விடுய்யா.
பிடிச்சு வச்சா
அளவு பொய் சொல்லும்.